நம்ம ஆளுங்க மட்டும்

ஜூன் 4

அன்புள்ள ஆமைக்கு,

அக்கா எழுதுகிறேன். கை கால் சுகம். லேபில் பல் அச்சுக்கு மாவு குழைத்துக் குழைத்துக் கட்டைவிரல் மட்டும் வலிக்கிறது. உன் கழுத்து எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து மூக்குக்கண்ணாடி தேய்க்கிறவன் ராத்திரியாவது தலையணை இல்லாமல் படு என்று எத்தனை தடவை சொல்வது?

போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் நம்மில் ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். அம்மா இருந்தவரை நடுவில் நின்று விலக்கிவிட்டாள். இப்போது கடிதம்தான் அந்த வேலையைச் செய்கிறது. வந்த அன்றைக்கே பதில் எழுதக் கூடாது, கோபம் ஆறட்டும் என்று நாம் போட்ட விதியை நான் ஒழுங்காகக் காப்பாற்றுகிறேன். நீ அதையே சாக்காக வைத்து மாதக்கணக்கில் எழுதாமல் இருந்துவிடாதே.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான் மட்டும், கையில் ஒரு தட்டு நிறையப் பொய்ப்பற்கள். விளக்கும் அணைந்தது. உனக்கு மட்டும் சொல்கிறேன், பயத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கத்தலாம் என்றால் குரல் வந்தால்தானே! பழுது பார்க்க வந்தவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஏதேதோ பேசிக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினார். நம்ம ஆள் இல்லை, வேறு இனம். கதவு திறந்ததும் என் முகத்தைப் பார்த்து, "ஒரு சத்தம் போடலையே நீங்க! உங்க ஆளுங்களே பொறுமைசாலிங்கதான்" என்றார். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டி வைத்தேன்.

நீ பெண் தேடும் படலம் எதுவரை வந்தது? நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

•

ஜூன் 22

பட்டாசு அக்காவுக்கு,

ஆமை எழுதுவது. கழுத்து சுமாராக இருந்தது. உன்னைப் பொறுமைசாலி என்று ஒருவர் சொன்னார் என்று படித்துச் சிரித்ததில் மறுபடி பிடித்துக்கொண்டது. நம் தெருவில் உன் வாயில் விழாமல் தப்பித்தவர் யார்? பேப்பர் போடுகிறவர், வீட்டுக்காரர், உன் பழைய முதலாளி என்று ஒரு பஸ்ஸே நிறையும். அந்த லிஃப்ட்காரருக்கு நம் கண்ணாடிக்கடையில் இலவசமாகக் கண் பரிசோதனை செய்யச் சொல்கிறேன்.

போன் ஆப்பில் சேர்ந்துவிட்டேன். உயரம், வேலை, சிகரெட் பழக்கம் எல்லாம் கேட்டுவிட்டு, எந்த இனத்துப் பெண்களைக் காட்ட வேண்டும் என்றும் கேட்டது. "நம்ம ஆளுங்க மட்டும்" என்று தட்டினேன். எங்கள் கடையில் கண் பரிசோதிக்கிற பெண் பின்னால் நின்று பார்த்துவிட்டாள். அவள் நம்ம ஆள் இல்லை. "அப்போ என்னை மாதிரி ஆளுங்க முகத்தையே அது உங்களுக்குக் காட்டாதா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் எனக்கு அன்றைக்கு முழுக்க ஒரு மாதிரி இருந்தது.

நீயே சொல் அக்கா. இது வெறுப்பா? எங்களிடம் ஒருவர் இருபது வருஷமாக அதே கறுப்பு பிரேம்தான் வாங்குகிறார். அதற்காக மற்ற பிரேம்களை அவர் வெறுக்கிறார் என்று சொல்ல முடியுமா? ருசி வேறு, வெறுப்பு வேறு.

அடுத்த மாதம் சித்தப்பா மகன் கல்யாணம். பெண் வேறு இனம். நான் போகப் போவதில்லை. அங்கே போய் யாரிடம் என்ன பேசுவது? கட்டைவிரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி

•

ஜூலை 9

ஆமைக்கு,

கட்டைவிரல் தேவலை. நான் கல்யாணத்துக்குப் போய் வந்தேன். உன்னைக் கேட்காதவர்கள் இல்லை. உனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன், யாராவது விசாரித்தால் இருமிக் காட்டு.

உன் பிரேம் கதையைப் படித்தேன். வாங்காமல் விட்ட பிரேம் உன் முன்னால் வந்து நின்று, "நான் ஏன் வேண்டாம்?" என்று கேட்காது. அதற்கு மனசு நோகாது. அந்தக் கண் பரிசோதிக்கிற பெண்ணுக்கு நோகும். நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவே இல்லையே, முழுங்கிவிட்டாயா?

வீட்டில் நம் பாஷையில் சண்டை போட ஒருத்தி வேண்டும் என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். அது நியாயம்தான். ஆனால் அந்த ஆப்பை நானும் பார்த்திருக்கிறேன். (எங்கள் லேபில் இளசுகள் வேறு என்ன செய்கிறார்கள்?) அதில் மொழிக்கு என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. அதைத் தட்டினாயா?

லிஃப்ட் ஒரே மாதத்தில் மூன்று தடவை நின்றுவிட்டது. பழைய லிஃப்ட், என்ன செய்வது. அவர்தான் வந்து வந்து சரி செய்கிறார். வேலை முடிந்ததும் டீ குடித்துவிட்டுப் போகிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

செப்டம்பர் 15

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னி. உடம்புக்கு ஒன்றுமில்லை. கடையில் கணக்கு முடிப்பு, வேலை தலைக்கு மேல். ஆப்பில் இரண்டு பேரைச் சந்தித்தேன். இரண்டு பேருமே நம்ம ஆளுங்க. ஒருத்தி நான் மெதுவாகப் பேசுகிறேன் என்றாள். இன்னொருத்தி நான் பேசவே இல்லை என்றாள்.

உங்கள் லிஃப்ட் இப்போது எப்படி இருக்கிறது?

தம்பி

•

நவம்பர் 2

ஆமைக்கு,

நான் சுகம். நீ சுகம்தானே? லிஃப்ட் நன்றாக ஓடுகிறது. புதிதாக ஒன்றும் இல்லை. லேபில் எல்லோரும் நான் முன்னைப்போல் கத்துவதில்லை என்கிறார்கள். வயதாகிறதல்லவா. குளிர் ஆரம்பித்துவிட்டது, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்.

மொழிக் கட்டம் பற்றி நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அக்கா

•

ஜனவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. தூக்கம்தான் சரியில்லை.

எனக்கு இல்லை, என் தோழி ஒருத்திக்காக ஒன்று கேட்க வேண்டும். எங்கள் கட்டடத்தில்தான் வேலை செய்கிறாள். என்னைப்போலவே புருஷனை இழந்தவள். ஆறு வருஷம் தனியாக இருந்துவிட்டு எட்டு மாதமாக ஒருவரோடு பழகுகிறாள். அவர் வேறு இனம். லிஃப்டில் மாட்டிக்கொண்டபோது அறிமுகம். நல்ல மனிதர். சத்தமாகப் பேசமாட்டார், சொன்ன நேரத்துக்கு வருவார். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டார். அவளும் சரி சொல்லத்தான் இருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். மேஜையில் தங்கை சிரித்துக்கொண்டே, "மறுபடியும் இவங்க ஆளுதானா? எங்க அண்ணனுக்கு இந்த ருசி விடவே விடாது" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, அவருடைய முதல் மனைவி நம்ம ஆள். அதற்கு முன்னால் பழகிய பெண்ணும் நம்ம ஆள். முதல் மனைவி விட்டுப் போனது தோழிக்குத் தெரியும். என்ன இனம் என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரு பல் விழுந்தால் பக்கத்துப் பல்லின் நிறம் பார்த்து அதேபோல் இன்னொன்று செய்து பொருத்துவதுதான் என் தொழில். நன்றாகச் செய்தால் வீட்டுக்காரிக்கே வித்தியாசம் தெரியாது. தோழிக்கு இப்போது, தானும் அப்படி ஒரு பல்லோ என்று தோன்றிவிட்டது. நிறம் ஒத்துப்போனதால் காலியாக இருந்த இடத்தில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. நம்ம ஆளுங்க வேண்டாம் என்று சொல்கிறவனை எனக்குத் திட்டத் தெரியும். நம்ம ஆளுங்கதான் வேண்டும் என்கிற வெளி ஆளை என்ன சொல்லித் திட்டுவது?

அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் பக்கத்தில் யாரும் இல்லை. இதைச் சொன்னால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயமும் இருக்கிறது. உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது. அவளிடம் சொல்கிறேன்.

அக்கா

•

ஜனவரி 23

அக்காவுக்கு,

நான் சுகம். கடிதம் இன்று மத்தியானம் வந்தது, இன்றைக்கே எழுதுகிறேன். விதியை உடைத்ததற்கு நீ பிறகு திட்டிக்கொள். உன் தோழி தூங்காமல் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு என்னால் நாலு நாள் பொறுக்க முடியாது.

முதலில் ஒரு சின்னச் சந்தேகம். உங்கள் கட்டடத்து லிஃப்டில் மொத்தம் எத்தனை பேர்தான் மாட்டிக்கொண்டீர்கள்? சரி, விடு. தோழி என்றால் தோழிதான்.

அந்த மனிதர் நம்ம ஆளுங்களை மட்டும் தேடுகிறார். நானும் நம்ம ஆளுங்களை மட்டும்தான் தேடுகிறேன். ஆக அவரும் நானும் ஒரே கட்சி. எனக்குப் பெயர் ருசி என்றால் அவருக்கும் ருசிதான். அவர் செய்தது தப்பு என்றால் என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் நீ திட்ட வேண்டும். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

நீ கேட்ட மொழிக் கட்டம் இருக்கிறது அக்கா. கொஞ்சம் கீழே இருக்கிறது. நான் அதைத் தொடவே இல்லை. ஜூலையிலிருந்து அதைப் பற்றி எழுதாமல் ஓடி ஒளிந்தது அதனால்தான். இனத்தைத் தட்டியபோது என் மனசில் ஒரு ஆளே இல்லை. ஒரு பொம்மைதான் இருந்தது. நம்ம நிறம், நம்ம சாயல், நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும். அந்தப் பொம்மைக்கு இடம் வைத்துக்கொண்டு, கூட உட்கார்ந்து தினமும் சாப்பிடுகிறவளை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் கண் பரிசோதிக்கிற பெண்ணுக்குப் போன மாதம் நிச்சயமாகிவிட்டது. நல்ல பையன். எனக்கு அவள்மேல் ஆசை இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாது. யோசித்துப் பார்த்தால்தானே தெரியும்!

உன் தோழியின் ஆளும் முதலில் ஒரு பொம்மையைத் தேடித்தான் வந்திருப்பார். பொம்மை வாயைத் திறந்து கத்தினால் நிற்பாரா, ஓடுவாரா? அதைத்தான் பார்க்க வேண்டும். இந்த எட்டு மாதத்தில் உன் தோழி அவரிடம் ஒரு தடவையாவது கத்தியிருக்கிறாளா? அவளைப் பற்றி நான் கேள்விப்பட்டவரை அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "பொறுமைசாலி" என்று ஒருவர் சொன்னதற்காக எட்டு மாதமாக அதை வாயில் அடக்கி வைத்திருந்தால், அவர் இன்னும் அவளைப் பார்க்கவே இல்லை. பார்க்காத மனிதர்மேல் பழி போடாதே. காட்டிப் பார்க்கச் சொல்.

பொய்ப்பல்லுக்குக் கோபம் வராது அக்கா. இதையும் அவளிடம் சொல்.

அவள் வீட்டில் யார் என்ன சொல்வார்களோ என்று எழுதியிருக்கிறாய். அவளுக்குத் தம்பி யாராவது இருந்தால் அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். நன்றாகத் தூங்கச் சொல்.

ஆமை

•

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? இங்கே எல்லோரும் சுகம். தூக்கம் வந்துவிட்டது.

உன் கடிதத்தைத் தோழிக்குப் படித்துக் காட்டினேன். அழுதாள், பிறகு உன்னைத் திட்டினாள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை அவர் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் சும்மா இல்லாமல், "தங்கச்சி அன்னைக்கு அப்படிப் பேசினதை நீ மனசுல வெச்சுக்கலையே? நீதான் பொறுமைசாலியாச்சே" என்றார். அவ்வளவுதான். நான் கையிலிருந்த ஈரத்துணியைச் சுவரில் அடித்தேன். நான் இல்லை, அவள். அவள்தான் அடித்தாள். அவர் பாஷையில் ஆரம்பித்து, வார்த்தை போதாமல் நம் பாஷைக்கு மாறிவிட்டாள். லிஃப்டில் பயத்தில் வாயடைத்துப்போனதை, அதைப் பொறுமை என்று இவர் சொன்னதை, இவர் சொன்னாரே என்று எட்டு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நடித்ததை, எல்லாவற்றையும் கொட்டினாள். "நான் உன் பழைய பொண்டாட்டிக்கு மாத்துப் பல்லா? போடா!" என்று முடித்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அவர் ஓடவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மூச்சை விட்டார். "அப்பாடா" என்பதற்கு அவர்கள் பாஷையில் ஒரு சத்தம் உண்டு, அதைப் போட்டார். "இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே? எனக்குப் பயமா இருந்துச்சு. அவளும் இப்படித்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை. ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்த்தா பெட்டியைக் காணோம், அவளையும் காணோம். நீயும் அப்படியே சத்தமில்லாம போயிடுவியோன்னு தினம் நினைப்பேன்" என்றார்.

ருசியைப் பற்றியும் கேட்டாள். விடுவாளா? அவர் மழுப்பவில்லை. "ஆமா. முதல்ல உன்னைத் திரும்பிப் பார்த்தது அதனாலதான். உங்க சாயல் எனக்குப் பிடிக்கும், ஏன்னு தெரியாது. இல்லைன்னு சொன்னா பொய். ஆனா சாயலுக்காக ஒருத்தன் மாசம் மூணு தடவை நல்லா ஓடுற லிஃப்டைக் கழட்டி மாட்டுவானா?" என்றார். பிறகு, "பொறுமைசாலி, பொறுமைசாலின்னு பாராட்டிப் பாராட்டியே அவ வாயை நான் அடைச்சுட்டேனோ என்னவோ" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாராட்டினால்கூட ஒரு ஆளை இப்படி மறைத்துவிட முடியும் என்று எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது.

தோழிக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. துணி பட்ட இடத்தில் சுவரில் கறை இருக்கிறது. அவர் அதைத் துடைக்க விடவில்லை. "போடா" என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இப்போது மக்கர் செய்கிற லிஃப்டை எல்லாம் அப்படித்தான் திட்டுகிறாராம்.

அக்கா

•

மார்ச் 3

பட்டாசு அக்காவுக்கு,

கழுத்து குணமாகிவிட்டது. தலையணையை எடுத்துவிட்டேன், நீ ஜெயித்துவிட்டாய்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன், முதலாளி பவர் ஏறிவிட்டதா என்று கேட்டார். தோழிக்கு நல்லபடியாக முடிந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை.

என் கதையையும் கேள். ஆப்பில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். மொழிக் கட்டத்தைத் தட்டலாமா என்று யோசித்தேன். சண்டை போடத்தான் நீ இருக்கிறாயே, அதையும் விட்டுவிட்டேன். எல்லா இனத்துப் பெண்களுக்கும் இப்போது என் முகம் தெரிகிறது. மூன்று வாரமாக ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லா இனமும் ஒற்றுமையாக, எந்தப் பாகுபாடும் இல்லாமல் என்னை ஒதுக்குகிறது.

சித்தப்பா மகன் வீட்டுக்குப் போன ஞாயிறு போயிருந்தேன். அந்தப் பெண்ணிடம் என்ன பேசுவது என்று வழியெல்லாம் பயந்துகொண்டு போனேன். அவளோ, "எட்டு மாசமா காய்ச்சல்ல கிடந்த மச்சினர் எழுந்து வந்துட்டாரே" என்றாள்.

ஒரு விஷயம். உன் தோழியின் ஆள் கண்ணாடி போடுகிறவரா? திருகாணி வேலை செய்கிற கண்ணுக்கு நாற்பதுக்கு மேல் தேவைப்படும்.

ஆமை

•

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அவர் கண்ணாடி போடுகிறார். ஒரு பக்கம் உடைந்துபோய்க் கம்பி சுற்றியிருக்கிறது. ஊரில் எல்லாருடைய லிஃப்டையும் சரி செய்வார், தன் கண்ணாடியைச் செய்யமாட்டார். அதற்காகத் தினமும் திட்டு வாங்குகிறார். என் குரல் பழையபடி ஆகிவிட்டது என்று லேபில் வருத்தப்படுகிறார்கள்.

என் தோழிக்கு மே மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட அவள் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அவருக்குத் தங்கை போடுகிறாள். (அவள் வந்து மன்னிப்புக் கேட்டாள். நானும் கொஞ்சம் கத்திவிட்டு மன்னித்தேன்.) தோழிக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு மாதமாக யோசித்தாள். யோசிக்க ஒன்றும் இல்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போகமாட்டேன் என்று ஒருவன் எழுதியதை அவளால் மறக்க முடியவில்லை, அதனால்தான் கேட்கப் பயந்தாள்.

அவளுக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி. வருவாயா?

உன் அக்கா

•

ஏப்ரல் 11

அக்கா,

கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. இன்றைக்கே எழுதி, இன்றைக்கே தபாலில் போட்டு, வரும் வழியில் டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். காய்ச்சலே வந்தாலும் வருவேன்.

அவரது கண்ணாடிக்கு லென்ஸ் பவர் மட்டும் எழுதி அனுப்பு, தேய்த்து எடுத்து வருகிறேன். பிரேம் என்ன கலர் என்று கேட்காதே. ஒரு பை நிறையக் கொண்டுவந்து, முகத்தைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வேன்.

மாமாவிடம் சொல்லிவை.

தம்பி